ஸ்ட்ரிப்பைப் பார்த்து மெஷினை வாங்குங்கள்: டர்பன் கெமிஸ்ட் கடைகளில் கிடைக்கும் சர்க்கரை மெஷின்கள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் என்று எந்தப் பக்கத்து கெமிஸ்டுக்குள் நுழைந்தாலும் கவுன்ட்டருக்குப் பின்னால், ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் நாலைந்து மெஷின் பெட்டிகள் அடுக்கியிருக்கும். சில சமயம் ஸ்ட்ரிப் டப்பா வாங்கினால் மெஷினைச் சும்மாவே தருவார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, கணக்குத்தான். மெஷின் வருஷக்கணக்கில் உழைக்கும். ஸ்ட்ரிப் ஒரு தடவை ரத்தம் தொட்டதும் குப்பைக்குப் போகும். தினம் இரண்டு தடவை பார்ப்பவருக்கு வருஷத்துக்கு 730 ஸ்ட்ரிப் வேண்டும். 50 ஸ்ட்ரிப் உள்ள டப்பாவாக வாங்கினால் 15 டப்பா. அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டிய விலை ஸ்ட்ரிப்புடையது. இரண்டாவது கேள்வி, அந்த ஸ்ட்ரிப் கடையில் எப்போதும் இருக்குமா, கேட்ட பிறகுதான் ஆர்டர் போட்டுத் தருவார்களா என்பது. மெஷினின் அழகு, திரையின் நிறம், போன் ஆப் எல்லாம் அதற்கப்புறம்.

மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்புத் திட்டம் உள்ளவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. முதல் வகை நீரிழிவு, இரண்டாம் வகை நீரிழிவு இரண்டுமே 1998ஆம் வருஷத்து மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் கீழ் வரும் நாட்பட்ட நோய்ப் பட்டியலில் உள்ளவை. ஆகவே எந்தத் திட்டமானாலும் அடிப்படைச் சிகிச்சைக்குப் பணம் கட்டியாக வேண்டும். ஆனால் எந்தக் கம்பெனி ஸ்ட்ரிப், மாதத்துக்கு எத்தனை என்பதை உங்கள் திட்டத்தின் பட்டியல்தான் தீர்மானிக்கும். டாக்டர் முதலில் உங்களை நாட்பட்ட நோயாளியாகப் பதிவு செய்ய வேண்டும். மருந்துச் சீட்டில் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீடு இருக்க வேண்டும்: முதல் வகைக்கு இ10, இரண்டாம் வகைக்கு இ11 என்று தொடங்கும். பிறகு மெடிக்கல் எய்டுக்குப் போன் போட்டு, ‘என் திட்டத்தில் எந்த ஸ்ட்ரிப்புக்கு முழுப் பணம், அதன் நாப்பி கோட் (பொருளின் அடையாள எண்) என்ன’ என்று கேட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். மெஷினை வாங்கிவிட்டு அப்புறம் கேட்கிறார்கள். ஸ்ட்ரிப் பட்டியலில் இல்லையென்றால் கையிலிருந்தோ சேமிப்புக் கணக்கிலிருந்தோ மாதாமாதம் பணம் போகும். அரசாங்க கிளினிக்கில் சிஸ்டர் கொடுத்த மெஷினை வைத்திருப்பவர்கள் அங்கே கொடுக்கும் ஸ்ட்ரிப்பின் பெயரை ஒவ்வொரு முறையும் பாருங்கள். அது மாறக்கூடும். பழைய மெஷினில் புது ஸ்ட்ரிப் வேலை செய்யாது.

கடையில் இருப்பவை

அக்கு-செக் இன்ஸ்டன்ட், வீட்டில் வயதானவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய மெஷின். எழுத்து பெரியது, ஸ்ட்ரிப் டப்பாவின் கோட் எண்ணை மெஷினில் போடும் வேலை இல்லை. 0.6 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும், நாலு வினாடிக்குள் எண் வந்துவிடும். திரையின் ஓரத்தில் ஒரு வண்ணப் பட்டை இருக்கிறது. எண் எந்த இடத்தில் விழுகிறது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எண்ணைப் படிக்கத் தடுமாறும் ஆயாவும் பச்சைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவார். ஆனால் அந்தப் பச்சையின் எல்லையை யாராவது ஒரு தடவை டாக்டர் சொன்ன இலக்குக்கு ஒத்துப் பார்க்க வேண்டும். எண்பது வயதுக்காரருக்கும் கர்ப்பிணிக்கும் ஒரே பச்சை பொருந்தாது.

கான்டூர் பிளஸ் பார்ப்பதற்குச் சாதாரணம், காரியத்தில் கெட்டி. இதற்கும் 0.6 மைக்ரோலிட்டர்தான், ஐந்து வினாடி. இதில் உள்ள நல்ல விஷயம், முதல் தொடுதலில் ரத்தம் போதாவிட்டால் மெஷின் கொஞ்சம் காத்திருக்கும். 30 வினாடிக்குள் அதே ஸ்ட்ரிப்பில் மறுபடி ரத்தம் சேர்க்கலாம். கை நடுங்குபவர்கள், விரல் தடித்துப்போன தையல்காரர்கள், தோட்ட வேலைக்காரர்கள் மாதத்துக்கு ஏழெட்டு ஸ்ட்ரிப்பை அரைகுறைச் சொட்டில் வீணாக்குவார்கள். அந்தக் காசு இதில் மிச்சம். இன்னொன்று, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமட்டோகிரிட் 0 முதல் 70 சதவீதம் வரை எங்கே இருந்தாலும் இந்த ஸ்ட்ரிப் தாங்கும். இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறோம். குறை என்னவென்றால், பெயர்தான் குழப்பம். கான்டூர் டிஎஸ் ஸ்ட்ரிப் கான்டூர் பிளஸ் மெஷினில் போகாது. டப்பாவில் ‘பிளஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தே காசைக் கொடுங்கள்.

ஒன்டச் செலக்ட் பிளஸ், குறைவு, சரி, அதிகம் என்று மூன்று நிறத்தில் காட்டும். இதற்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தம் வேண்டும், மற்ற இரண்டையும்விடச் சற்றுப் பெரிய சொட்டு. ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி குளுக்கோஸ் ஆக்சிடேஸ். அதன் வேலையில் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் குறுக்கே வரும். ஆக்சிஜன் சிலிண்டர் போட்டிருக்கும் நோயாளிக்கு அளவு குறைத்துக் காட்டலாம். ஹெமட்டோகிரிட்டும் 30 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மற்றபடி ஆரோக்கியமானவர்களுக்கு நம்பத் தகுந்த மெஷின்தான். ஜோஹன்னஸ்பர்க் உயரமான ஊர், அங்கே ஆக்சிஜன் குறைவே என்று லெனேஷியா உறவினர்கள் பயப்படத் தேவையில்லை. அந்த உயரம் மெஷினின் எல்லைக்குள்தான்.

அந்த ஹெமட்டோகிரிட் விஷயம்: ஒரு சொட்டு ரத்தத்தில் சிவப்பணு குறைந்தால் நீர்ப்பகுதி கூடும், ஸ்ட்ரிப்பின் நொதிக்குச் சர்க்கரை சுலபமாகப் போய்ச் சேரும், மெஷின் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். ரத்தசோகை உள்ளவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், கர்ப்பிணிகள் இந்தக் குழியில் விழுவார்கள். ஆபத்து எங்கே என்றால், உண்மையில் 3.5 மில்லிமோலாக இறங்கிவிட்ட சர்க்கரையை 4.3 என்று மெஷின் காட்டினால் ஆள் நிம்மதியாகத் தூங்கப் போவார். ஆகவே ரத்தசோகை, டயாலிசிஸ் இரண்டில் எது இருந்தாலும் கான்டூர் பிளஸ், அல்லது 10 முதல் 65 சதவீதம் வரை தாங்கும் அக்கு-செக் இன்ஸ்டன்ட். வயிற்றுவழி டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பயன்படுத்துபவர்கள் எந்த மெஷினானாலும் ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் இருக்கும் தாளில் ‘மால்டோஸ்’ என்ற சொல்லைத் தேடிப் படித்தாக வேண்டும். சில பழைய ஸ்ட்ரிப்கள் மால்டோஸையும் குளுக்கோஸ் என்றே எண்ணிவிடும்.

அக்கு-செக் ஆக்டிவ் பழைய குதிரை. மற்றவை மின்னோட்டத்தை அளக்கும், இது நிறமாற்றத்தை ஒளியால் படிக்கும். ரத்தம் ஒன்று முதல் இரண்டு மைக்ரோலிட்டர் வேண்டும். ஸ்ட்ரிப்பின் பின்பக்கத்து வட்டத்தின் நிறத்தை டப்பாவில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டு எண் சரியா என்று கண்ணாலேயே சோதிக்கலாம், அது ஒரு வசதி. ஆனால் ஒளி போகும் துவாரத்தில் ரத்தம் படிந்தால் தப்பாகும், துடைக்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஸ்ட்ரிப் கிடைக்கும்வரை ஓட்டலாம், புதிதாக வாங்கக் காரணம் இல்லை.

ஃப்ரீஸ்டைல் ஆப்டியம் நியோ தனி இனம். வேறொரு ஸ்ட்ரிப்பைப் போட்டால், உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் கீட்டோனையும் அளக்கும். முதல் வகை நீரிழிவுக் குழந்தை உள்ள வீட்டில் இது இருந்தே ஆக வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சொல்கிறோம். அந்த மாத்திரையில் சர்க்கரை 11, 12 என்று சாதுவாக இருக்கும்போதே கீட்டோன் ஏறிவிடக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் சர்க்கரை எண்ணை மட்டும் நம்பக் கூடாது. கீட்டோன் 0.6க்குக் கீழே இருந்தால் சரி, 1.5ஐத் தாண்டினால் உடனே டாக்டர், 3க்கு மேல் நேராக ஆஸ்பத்திரி.

எண் என்ன சொல்கிறது

இங்கே விற்கும் மெஷின்கள் மில்லிமோல் கணக்கில் காட்டும். கிளினிக்கில் ‘எச்ஜிடி எவ்வளவு’ என்று சிஸ்டர் கேட்பதும் இந்த எண்ணைத்தான். சென்னையில் இருக்கும் அண்ணிக்கு மெஷின் மில்லிகிராமில் காட்டும். இரண்டுக்கும் இடையே 18ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே 4.0 என்றால் அங்கே 72. 7.0 என்றால் 126, 10.0 என்றால் 180. ஊரிலிருந்து வருபவர்கள் அன்பாக மெஷின் கொண்டுவந்து கொடுப்பார்கள். பெரும்பாலான மெஷின்களில் அளவை மாற்ற முடியாது, தொழிற்சாலையிலேயே பூட்டியிருப்பார்கள். அதை வைத்துப் பார்த்த எண்ணை எழுதிக்கொண்டு போனால் இங்குள்ள சிஸ்டருக்குக் குழப்பம். அவசரத்தில் யாராவது ‘56’ஐ 5.6 என்று படித்துவிட்டால் ஆபத்து. 56 மில்லிகிராம் என்பது 3.1, மயக்கத்துக்குப் பக்கம். ஊர் மெஷினை நன்றியோடு வாங்கி ஓரமாக வையுங்கள்.

தென்னாப்பிரிக்க நாளமில்லாச் சுரப்பி, நீரிழிவு மருத்துவர் சங்கமான செம்ட்சாவின் 2017 வழிகாட்டியில் பெரும்பாலான பெரியவர்களுக்குச் சொன்ன இலக்கு: சாப்பாட்டுக்கு முன்னால் 4 முதல் 7, சாப்பிட்ட பிறகு 5 முதல் 10, சுமார் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை 7 சதவீதத்துக்குக் கீழே. இது நீரிழிவு இருப்பவர்கள் அடைய வேண்டிய இலக்கு. நோய் இருக்கிறதா என்று முடிவு கட்டும் எண் வேறு: வெறும் வயிற்றில் லேப் பரிசோதனையில் 7.0 அல்லது மேல், எச்பிஏ1சி 6.5 அல்லது மேல். வீட்டு மெஷினில் 7.2 வந்தது என்பதற்காக யாரும் தனக்குத் தானே நோய்ப் பெயர் சூட்டிக்கொள்ளக் கூடாது, லேப்புக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எல்லை இறுக்கமானது: வெறும் வயிற்றில் 5.3க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 6.7க்குக் கீழே. தனியாக வாழும், அடிக்கடி சர்க்கரை இறங்கும் முதியவர்களுக்கு டாக்டரே எல்லையைத் தளர்த்திவிடுவார். ஆயாவை 5க்குக் கொண்டுவருகிறேன் என்று பேரப்பிள்ளைகள் வீம்பு பிடித்தால் அவர் குளியலறையில் விழுந்து இடுப்பு உடைவார்.

மெஷின் எவ்வளவு துல்லியம்? ஐஎஸ்ஓ 15197 என்ற தரம், 2013 பதிப்பு, 100 தடவையில் 95 தடவை லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. சர்க்கரை 5.55க்குக் கீழே இருந்தால் 0.83க்குள். உண்மை 8.0 என்றால் மெஷின் 6.8 காட்டினாலும் 9.2 காட்டினாலும் தரத்துக்குள்தான். எனவே ஒரே நிமிஷத்தில் 7.4, அடுத்து 8.1 என்று வந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று மூன்றாவது ஸ்ட்ரிப்பைக் கிழிக்காதீர்கள். அது அந்த ஸ்ட்ரிப்பின் இயல்பு. வீட்டில் இரண்டு மெஷின் வைத்து ஒன்றோடொன்று சண்டை போடவிடுவதும் வீண் செலவு.

லேப்போடு ஒப்பிட வேண்டுமானால் வெறும் வயிற்றில், லேப்பில் ரத்தம் எடுத்த ஐந்து பத்து நிமிஷத்துக்குள், விரலில் குத்திப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிடக் கூடாது. அப்போது விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிட அதிகமாகவே இருக்கும், இரண்டு எண் தள்ளி வந்தால்கூட அதிசயமில்லை. லேப் குழாயிலும் ஒரு சங்கதி உண்டு. எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் அறை வெப்பத்தில் கிடந்தால் அதிலுள்ள அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். மெஷின் கூட்டிக் காட்டுகிறது என்று திட்டுவதற்கு முன் லேப் ரத்தம் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தது என்றும் யோசியுங்கள்.

தப்பு பெரும்பாலும் விரலில்தான்

ஆரஞ்சுப்பழமோ மாம்பழமோ உரித்த கையால் குத்தினால் 6 இருக்கும் இடத்தில் 12 வரும். ஸ்பிரிட் பஞ்சு ஒரு தடவை தேய்ப்பது பழச்சாற்றை நீக்காது. சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும்தான் மருந்து. பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் சொட்டு பரவும், ரத்தம் நீர்த்துப்போய் எண் குறையும். கழுவ முடியாத இடத்தில், பஸ்ஸிலோ கோயிலிலோ, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுங்கள். கழுவிய கைக்கு முதல் சொட்டே போதும்.

குத்துவது விரல் நுனியின் பக்கவாட்டில். நடுவில் குத்தினால் வலி அதிகம், தையலோ தட்டச்சோ செய்பவருக்குத் தினம் உறுத்தும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் மாற்றி மாற்றி எடுங்கள். ரத்தம் வரவில்லை என்றால் கையைத் தொங்கவிட்டு அரை நிமிஷம் ஆட்டுங்கள், விரலின் அடியிலிருந்து நுனிக்கு மெதுவாக நீவுங்கள். பால் கறக்கிற மாதிரி நுனியைப் பிழிந்தால் சதைநீரும் சேர்ந்து வரும், எண் பொய்யாகும். குத்தும் பேனாவில் ஆழ எண்ணை இரண்டில் ஆரம்பித்து வேண்டுமானால் கூட்டுங்கள். ஊசி ஒரு தடவைக்குத்தான். பத்து நாள் ஒரே ஊசி வைத்திருப்பவர் வலிக்கிறது என்று சொல்வதில் நியாயமில்லை, முனை மழுங்கியிருக்கும். வீட்டில் இரண்டு பேருக்குச் சர்க்கரை இருந்தாலும் பேனா ஆளுக்கு ஒன்று. பயன்படுத்திய ஊசியை மூடி திருகும் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டுச் சேர்த்து, கெமிஸ்ட் எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். குப்பைப் பையில் சும்மா போட்டால் அதைத் தூக்குபவர் கையில்தான் குத்தும்.

சொட்டை ஸ்ட்ரிப்பின் மேல் தேய்க்காதீர்கள். நுனியைச் சொட்டின் ஓரத்தில் வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

டர்பனில் ஸ்ட்ரிப்பின் முதல் எதிரி ஈரக் காற்று. டப்பாவின் உட்சுவரில், மூடியில் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. அதனால்தான் ஸ்ட்ரிப்பை எடுத்ததும் ‘டக்’ என்று சத்தம் கேட்க மூட வேண்டும், பத்து ஸ்ட்ரிப்பைப் பர்ஸில் தனியாக மடித்து வைக்கக் கூடாது. ஈரம் தின்ற ஸ்ட்ரிப் கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும், அதுதான் தொல்லை. பெரும்பாலான டப்பாக்களில் 30 டிகிரி வரை என்று போட்டிருக்கும். பிப்ரவரி வெயிலில் மூடிய காருக்குள் வைத்துவிட்டு கடற்கரைக்குப் போனால் அந்த டப்பா அவ்வளவுதான். ஃபிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே நீர் பனிக்கும். படுக்கையறை அலமாரி போதும். சமையலறையும் குளியலறையும் ஆகாது. சில ஸ்ட்ரிப்களுக்கு டப்பாவில் அச்சிட்ட தேதி வரை உயிர், சிலவற்றுக்குத் திறந்த நாளிலிருந்து குறிப்பிட்ட மாதங்கள்தான். திறந்த தேதியைப் பேனாவால் எழுதிவிடுங்கள். மெஷின் காசு பேட்டரியில் ஓடுகிறது, எஸ்காம் கரன்டை நிறுத்தினாலும் அதற்குக் கவலையில்லை. இன்சுலின் இருக்கும் ஃபிரிட்ஜுக்குத்தான் கவலை.

மெஷின்மேல் சந்தேகம் வந்தால் கன்ட்ரோல் திரவம் என்று ஒரு சிறு போத்தல் உண்டு. கவுன்ட்டரில் இருக்காது, கேட்டால் வரவழைப்பார்கள். குலுக்கி, சுத்தமான பரப்பில் ஒரு சொட்டு வைத்து, ஸ்ட்ரிப்பை அதில் தொட்டு, வரும் எண் டப்பாவில் அச்சிட்ட வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் புது டப்பா ஸ்ட்ரிப்பில் சோதியுங்கள். பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி ஸ்ட்ரிப், மெஷின் அல்ல.

50 ஸ்ட்ரிப்பை எப்படிச் செலவழிப்பது

நம்மவர்களிடம் உள்ள பெரிய வீண்செலவு இதுதான்: வருஷம் முழுக்கக் காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பது. அந்த ஓர் எண் ராத்திரி கல்லீரல் என்ன செய்தது என்று சொல்லும், நேற்றைய சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லாது. மெஷின் காட்டும் 14 நாள் சராசரியும் அப்படியே. காலை மட்டும் பார்ப்பவரின் சராசரி 6.5 என்று பளபளக்கும், எச்பிஏ1சி 8 என்று வந்து டாக்டர் முன்னால் மானம் போகும். எச்பிஏ1சி 7 என்றால் நாள் முழுவதுக்குமான சராசரி சுமார் 8.6, 8 என்றால் 10.2, 9 என்றால் 11.8. காலை எண்ணுக்கும் இதற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் ஏற்றம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நடக்கிறது. ஒரு விதிவிலக்கு: இரும்புச் சத்துக் குறைவு எச்பிஏ1சியைக் கூட்டிக் காட்டும், சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்கள் குறைத்துக் காட்டும்.

மாத்திரை மட்டும் சாப்பிடுபவர் மாதம் ஒரு டப்பாவில் இப்படிச் செய்யலாம். டாக்டரைப் பார்க்கப் போகும் முன் மூன்று நாள், தினம் ஏழு தடவை: மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், படுக்கும் முன் ஒன்று. 21 ஸ்ட்ரிப். மீதியில் 14 ஜோடி, அதாவது ஒரு சாப்பாட்டுக்கு முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. 28 ஸ்ட்ரிப். ஒன்று மிச்சம், அதை நடுங்கும் கை வீணாக்கிக்கொள்ளட்டும். ஏற்றம் இரண்டு மூன்றுக்குள் இருந்தால் அந்தச் சாப்பாடு ஒத்துக்கொண்டது என்பது கைக்கணக்கு. 6லிருந்து 13க்குப் போனால் தட்டைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு போதாது. காலையும் மாலையும் கலவை இன்சுலின் போடுபவருக்கு, காலை ஊசியின் அளவு சரியா என்பதை ராச்சாப்பாட்டுக்கு முந்தைய எண் சொல்லும், மாலை ஊசியை மறுநாள் காலை எண் சொல்லும். இரண்டையும் தினம் பார்க்க வேண்டும்.

கொழுப்பு அதிகமுள்ள சாப்பாட்டில் இரண்டு மணி நேர எண் ஏமாற்றும். டர்பன் பனி சௌவை எடுத்துக்கொள்ளுங்கள், ரொட்டியைக் குடைந்து ஆட்டுக்கறி ஊற்றித் தருவார்களே, அது. 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு 175 கிராம், அதில் மாவுச்சத்து மட்டும் 80 கிராம் அளவு. கறியின் எண்ணெய் வயிற்றைத் தாமதப்படுத்தும். இரண்டு மணி நேரத்தில் 9 என்று பார்த்து நிம்மதியடைந்தவர் நாலு மணி நேரத்தில் 14ல் இருப்பார். இந்தச் சாப்பாட்டுக்கு மட்டும் மூன்றாவது ஸ்ட்ரிப் செலவழிப்பதில் தப்பில்லை. ஆடி மாதக் கூழ் இதற்கு நேர் எதிர். நீர்த்த மாவு சீக்கிரம் இறங்கி ஒரு மணி நேரத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிடும், இரண்டாவது மணியில் பார்த்தால் உச்சம் தப்பிப் போயிருக்கும்.

காலை எண் மட்டும் பிடிவாதமாக 9, 10 என்று நிற்கிறதா? இரவு எதுவும் தின்னாமலேயே விடியற்காலை கல்லீரல் சர்க்கரையை விடும், பலருக்கு இது உண்டு. மருந்தைக் கூட்டும் முன் இரண்டு மூன்று இரவு மூன்று மணிக்கு எழுந்து ஒரு ஸ்ட்ரிப் பாருங்கள். அந்த நேரம் 4க்குக் கீழே போயிருந்தால் விஷயமே வேறு, இன்சுலினைக் கூட்டுவது ஆபத்து.

4க்குக் கீழே எந்த எண் வந்தாலும் அது தாழ்வு. 3.0க்குக் கீழே கடுமையானது. கிளிக்ளாசைட், கிளிமிபிரைட், இன்சுலின் எடுப்பவர்களுக்கு இது வரும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அரிது. 15 கிராம் சர்க்கரை: மூன்று டீஸ்பூன் சீனி தண்ணீரில், அல்லது 150 மில்லி பழச்சாறு. கூல்டிரிங்க் என்றால் சர்க்கரை போட்டதாக இருக்க வேண்டும். 2018இல் சர்க்கரை வரி வந்த பிறகு பல பானங்களில் சீனியைக் குறைத்துவிட்டார்கள், போத்தலின் பின்பக்கத்தைப் பார்த்து அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு தாமதப்படுத்தும். 15 நிமிஷம் கழித்து இன்னொரு ஸ்ட்ரிப், இன்னும் 4க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடி. ஆள் மயங்கி விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாது, வேர்வை மட்டும்தான் துப்பு. கார் ஓட்டும் முன் 5க்கு மேல் இருக்க வேண்டும்.

புரட்டாசிச் சனிக்கிழமை மாலைவரை எதுவும் சாப்பிடாமல் இருப்பவர்கள் மாதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் மாத்திரை நேரத்தைப் பேசிவிட வேண்டும். காலையில் வழக்கம்போல் கிளிக்ளாசைடைப் போட்டுவிட்டு விரதம் இருப்பதுதான் பிரச்சினையின் தொடக்கம். அன்று மதியம் ஒன்று, பிற்பகல் நாலு மணிக்கு ஒன்று என்று ஸ்ட்ரிப் ஒதுக்குங்கள். 4க்குக் கீழே இறங்கினாலும் 16.6க்கு மேல் ஏறினாலும் விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டும். குத்தினால் விரதம் முறியும் என்று நினைப்பவர்கள் கோயில் ஐயரைக் கேட்டுத் தெளியட்டும்.

லிப்ரே வாங்கலாமா

ஃப்ரீஸ்டைல் லிப்ரே, மேல்கையின் பின்பக்கம் ஒட்டி, சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார். 14 நாள் உழைக்கும், ஒட்டிய பிறகு 60 நிமிஷம் காத்திருக்க வேண்டும். எண்ணைவிட அம்புக்குறிதான் இதன் பலன். 6.0, அம்பு கீழ்நோக்கி என்றால் கார் சாவியைக் கீழே வைக்க வேண்டும். அதே 6.0, அம்பு நேராக என்றால் கவலையில்லை. விரல் ஸ்ட்ரிப் இந்த வித்தியாசத்தை ஒருநாளும் சொல்லாது. நாளில் 70 சதவீத நேரம் 3.9 முதல் 10.0க்குள்ளும், 3.9க்குக் கீழே 4 சதவீதத்துக்கும் குறைவாகவும் இருந்தால் நல்ல கட்டுப்பாடு. முதியவர்களுக்கு 50 சதவீதமே போதும், ஆனால் தாழ்வு ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

குறைகள்: இது ரத்தத்தை அளக்கவில்லை, சதைநீரை அளக்கிறது. வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிஷம் பின்தங்கும். சென்சார் உள்ள கையின்மேல் படுத்தால் இல்லாத தாழ்வைக் காட்டும். அதிக வைட்டமின் சி மாத்திரை எண்ணை ஏற்றும். எம்ஆர்ஐ எடுக்கும்போது கழற்ற வேண்டும், கழற்றியதை மறுபடி ஒட்ட முடியாது. டர்பன் கோடையில் வேர்வையில் பசை விட்டுவிடுகிறது. ஒட்டும் முன் எண்ணெய், லோஷன் எதுவும் இல்லாமல் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். மேலே ஒட்டும் தனிப் பட்டையும் வாங்கலாம், நடுத் துவாரத்தை மூடாமல் ஒட்ட வேண்டும். வருஷத்துக்கு 26 சென்சார். இன்சுலின் போடாத ஒருவர் அதைக் கைக்காசில் வாங்குவது தண்டம். மூன்று மாதத்துக்கு ஒன்று ஒட்டி, எந்தச் சாப்பாடு எங்கே ஏற்றுகிறது என்று தெரிந்துகொண்டு நிறுத்தினால் போதும். நாளுக்கு நாலு ஊசி போடுபவருக்கு இது வேறு கதை, மெடிக்கல் எய்டோடு சண்டை போட்டாவது வாங்கலாம்.

லிப்ரே இருந்தாலும் சாதாரண மெஷினையும் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பையும் தூக்கிப் போடாதீர்கள். சென்சார் ஒரு எண் சொல்லி உடம்பு வேறொன்று சொன்னால், முதல் நாள் எண் தடுமாறினால், தாழ்வுக்குச் சீனி கொடுத்த பிறகு ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டுமானால், விரலில்தான் குத்த வேண்டும். அந்த டப்பாவின் தேதியை மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.